அருவிக்குப் போன யூனிபார்ம்

எனக்கு எழுத்து தெரியாது. நான் பேசப் பேசப் பேத்தி எழுதிக்கொள்கிறாள். "மெதுவாச் சொல்லுங்க ஆச்சி" என்கிறாள். கோபத்தை மெதுவாகச் சொல்ல எனக்கு வராது. இது எப்போதோ நடந்து முடிந்த விஷயம்தான். ஆனாலும் நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. கூடவே சிரிப்பும் வருகிறது. அது நல்ல கோபம். அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

நான் பிறந்தது வடகரை. வாழ்க்கைப்பட்டது குற்றாலத்தில், கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில். வடகரையிலும் மழை உண்டு. வந்தால் பெய்துவிட்டுப் போய்விடும். குற்றாலத்துச் சாரல் அப்படி இல்லை. ஆனி பிறந்ததும் மலையை விட்டு இறங்கி வந்து வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். தீக்குச்சி உரசினால் மருந்துதான் உதிரும். கொடியில் போட்ட துணி காயவே காயாது, முகர்ந்தால் ஒரு பூசண வாடை அடிக்கும். வெளியூர்க்காரர்கள் வந்து கையை நீட்டிச் சாரலைப் பிடித்து, "ஆகா, ஆகா" என்பார்கள். அவர்களுக்கு என்ன? துவைக்கிறவள் நான்.

அந்த மாதம்தான் பள்ளிக்கூடமும் திறக்கும். அந்த நேரத்தில் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தவன் எவனோ, அவன் ஒரு நாளும் குற்றாலத்தில் துணி துவைத்திருக்க மாட்டான்.

அந்த மாதம்தான் அருவியில் குளிக்க வெளியூரிலிருந்து சீசன்காரர்களும் வருவார்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே வழக்கம். முன்கட்டைச் சீசன்காரர்களுக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரர்கள் பின்னால் சாய்ப்பு இறக்கிய கொட்டகையில், மாட்டுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒன்று. காலைப் பலகாரமும் நாங்களே போட்டுவிடுவோம் என்று என் மாமியார் வாக்குக் கொடுத்துவிடுவார். வாக்கு அவருடையது, ஆட்டுக்கல் என்னுடையது.

என் வீட்டுக்காரருக்கு பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை. சீசன் நேரத்தில் விடியுமுன்னே போய்விடுவார். வீட்டுச் சண்டை எதுவாக இருந்தாலும் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டு பேரும் பாத்துச் செய்யுங்க." ஆத்தாளும் பெண்டாட்டியும் உலக்கையை எடுத்து நின்றாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

என் மூத்த மகளுக்கு அப்போது ஐந்து முடிந்திருந்தது. இலஞ்சிக்குப் போகிற வழியில் ஒரு மானேஜ்மெண்ட் பள்ளிக்கூடம். அங்கே அரிவரி வகுப்பில் சேர்த்தேன். சேர்த்தேன் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன், அதற்கு நான் மாமியாரிடம் பட்ட பாடு தனி. "பொட்டப் பிள்ளைக்கு என்ன பள்ளிக்கூடம்? சீசன் நேரத்துல ஒரு சொம்பு தண்ணி எடுத்துக் குடுக்கவாவது வீட்டுல ஆள் வேண்டாமா?" என்பார்.

நான் ஏன் விடவில்லை என்று சொல்கிறேன். கல்யாணமான புதிதில் தென்காசிக்குத் தனியாகப் போனேன். அங்கே கோயிலில் அப்போது மொட்டைக் கோபுரம்தான், அதன் வாசலில் ஒரு காற்று அடிக்கும் பாருங்கள், சேலையைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா என்று ஆகிவிடும். சாமி கும்பிட்டுவிட்டு பஸ் ஏற வந்தேன். குற்றாலம் பஸ் எது என்று ஒரு மீசைக்காரரிடம் கேட்டேன். அவர் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு ஒரு பஸ்ஸைக் காட்டினார். ஏறினேன். செங்கோட்டையில் கொண்டு போய் இறக்கிவிட்டார்கள். நான் அழுகிறேன், கண்டக்டர் சிரிக்கிறான். "அதான் போர்டுல பெருசா எழுதியிருக்குல்லா, பாக்கக் கூடாதா?" என்றான். என் வயிற்றில் பிறந்தது ஒருத்தனிடமும் பஸ் கேட்டு நிற்கக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்குப் பிள்ளையே இல்லை.

சரி, காலை நேரத்துக்கு வருகிறேன். பேத்தி முறைக்கிறாள்.

பிள்ளைக்கு ஒரே ஒரு யூனிபார்ம். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. தினமும் சாயந்தரம் துவைப்பேன். ராத்திரி கங்கு போட்ட சட்டியின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் விரித்துக் காய வைப்பேன். பிள்ளை பெற்ற வீட்டில் சாம்பிராணிப் புகை போடுவார்களே, அந்தக் கூடைதான். அதைக் காய வைத்து, விடியுமுன் மாவை ஊற்றி, முதல் ஈடு இட்லியைப் பிள்ளைக்கு எடுத்து மூடி வைத்தால், இந்தப் பிள்ளை எழுந்திருக்காது. தூக்கி உட்கார வைத்தால் உட்கார்ந்தபடி தூங்கும். பல் விளக்கி விட்டால் என் விரலைக் கடிக்கும். வாயில் இட்லியை வைத்தால் ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு சுவரில் ஊர்கிற மரவட்டையைப் பார்க்கும். "முழுங்குட்டி" என்றால், "அட்டைக்கு எத்தனை காலும்மா?" என்று கேட்கும். எனக்குத் தலைக்கு ஏறும்.

எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. தென்காசிக்குப் போகிற பஸ் ஒன்று காலையில் எங்கள் தெரு முனையைத் தாண்டும். அது ஹாரன் அடித்ததும் கிளம்பினால் பெல்லுக்குச் சரியாகப் போய்விடலாம்.

ஆனால் அதே நேரத்தில்தான் சீசன்காரர்கள் அருவியிலிருந்து திரும்புவார்கள். அருவியில் குளித்தவர்களுக்கு ஒரு பசி எடுக்கும், பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஊரில் இரண்டு இட்லி தின்கிறவர் இங்கே பத்து கேட்பார். ஈரத் தலையோடு வந்து வரிசையாக உட்கார்ந்து இலையைத் தட்டுவார்கள். அப்போது என் மாமியார் பிள்ளைக்கு மூடி வைத்ததையும் எடுத்து அவர்களுக்கு வைத்துவிடுவார். நான் மறுபடி ஊற்றி வேகவைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதற்குள் பஸ் போய் நெடுநேரமாகியிருக்கும்.

இப்படிப் பிந்திப் பிந்திப் போய், டீச்சர் ஒரு நாள் என்னை வாசலில் நிறுத்தினார்.

"இங்க பாருங்கம்மா. ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாக. இன்னொரு நாள் பெல்லுக்குப் பிறகு வந்தா, பிள்ளை பேரை எடுத்துருவாக. அடுத்த வருசம் கொண்டாந்து சேருங்க."

அடுத்த வருஷமாம். என் மாமியார் அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் வீட்டில் உட்கார்ந்தால், பிள்ளை தண்ணீர்ச் சொம்பு தூக்கப் பழகிவிடும். அப்புறம் எந்த வருஷமும் கிடையாது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. அவுகளே எடுத்துட்டா நம்ம மேல பழி இல்லைல்லா" என்றார் மாமியார்.

வீட்டுக்காரர், "பாத்துச் செய்யுங்க" என்றார்.

அந்த வாரம் முன்கட்டில் இருந்தது ஒரு மதுரைக் குடும்பம். பெரிய குடும்பம். அதற்குத் தலைவி ஒரு அம்மாள், நான் அவரை ஆச்சி என்று கூப்பிடுவேன். ஆள் கனம், குரல் அதைவிடக் கனம். கெட்ட மனசு இல்லை. என் மகள் வயதில் அவருக்கு ஒரு பேத்தி இருந்தது. அதனால் என் மகளையும் இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். கையில் எது கிடைத்தாலும் ஊட்டுவார். மங்குஸ்தான் பழத்தை உடைத்து உடைத்து இவள் வாயில் போட்டு, பாவாடையில் கறையாக்கி வைப்பார். அந்தக் கறை எத்தனை சோப்புக்கும் போகாது. அவருக்கு அது பிரியம், எனக்கு அது துவைப்பு.

டீச்சர் எச்சரித்ததற்கு மறுநாள். நான் முந்திக்கொண்டேன். இருட்டிலேயே எழுந்தேன், எல்லாம் முடித்தேன். பிள்ளைக்கு யூனிபார்ம் மாட்டி, இரட்டைச் சடை போட்டு, சிலேட்டுப் பையைத் தோளில் போட்டு வாசல் நடையில் உட்கார வைத்தேன். "அசையாத. பஸ் வரவும் போவோம்" என்றேன். பின்னால் போய் மாட்டுக்கு ஒரு கட்டுப் புல் போட்டுவிட்டு வந்தேன். அவ்வளவுதான். நடையில் சிலேட்டுப் பை இருக்கிறது, பிள்ளை இல்லை.

குரங்கு வந்து பயந்து ஓடிவிட்டாளோ என்று முதலில் நினைத்தேன். எங்கள் தெருக் குரங்குகளைப் பற்றிச் சொன்னால் தனிக்கதை. ஒரு தடவை பிள்ளையின் தூக்குச் சட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டு மேல் ஏறி, மூடியைத் திறந்து, தயிர்ச்சோற்றைத் தின்றுவிட்டு, ஊறுகாயை மட்டும் என் தலையில் எறிந்தது.

"அத்தை, பிள்ள எங்க?" என்று கத்தினேன்.

மாமியார் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். "மதுரைக்காரவ அருவிக்குப் போனாவ. இவளும் கையைப் பிடிச்சிட்டுப் போனா."

"யூனிபார்மோடயா?"

"எனக்கென்னட்டி தெரியும் யூனிபார்மும் கீனிபார்மும்!"

ஓடினேன். சாரல் முகத்தில் அடிக்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகிறவர்கள் மேலெல்லாம் மோதினேன், என் சேலையெல்லாம் எண்ணெய். பெரிய அருவியில் பெண்கள் நிற்கிற பக்கம் ஒரே கூட்டம், ஒரே இரைச்சல். நடுவில் மதுரை ஆச்சி மலை மாதிரி நிற்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக, வாயைப் பிளந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டு நிற்கிறாள் என் மகள். தலையிலிருந்து எண்ணெய் வழிந்து சட்டையெல்லாம் மஞ்சளாக இருக்கிறது. இரட்டைச் சடையை யாரோ அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள்.

போய் இழுத்தேன். அருவிச் சத்தத்தில் நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. ஆச்சியையும் சேர்த்து வெளியே இழுத்தேன்.

"என்ன ஆச்சி இப்படிப் பண்ணிட்டிய? பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைய!"

"பள்ளிக்கூடமா? காலங்காத்தால பிள்ளை சட்டை போட்டு ரெடியா வாசல்ல உக்காந்திருந்துச்சேத்தா! அருவிக்குத்தான் காத்துக் கெடக்குன்னு நெனச்சேன்."

"சிலேட்டுப் பை கெடந்ததே, பாக்கலையா?"

"குத்தாலத்துக்கு வந்தவ அருவியப் பாப்பேனா, பையப் பாப்பேனா? விடுத்தா. நனைஞ்சா காஞ்சிட்டுப் போகுது."

காய்ந்துவிடுமாம்! இந்த ஊரில்! எனக்கு வந்த கோபத்தில் அருவி ஒரு நிமிஷம் நின்றிருக்க வேண்டும். அவர் மேல் கோபம், அந்த அருவி மேல் கோபம், வெற்றிலை இடிக்கிற மாமியார் மேல் கோபம், பல்லைக் காட்டிக்கொண்டு "அம்மா, இன்னும் ஒரு தடவை" என்கிற பிள்ளை மேல் கோபம். அப்போது பார்த்து, தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது.

ஈரத் துணியோடு கொண்டு போனால் காய்ச்சல். வீட்டுக்குள் போய் வேறு துணி தேடி எடுத்து மாற்றினால் பெல் அடித்துவிடும். சுற்றிப் பார்த்தேன். பாறைமேல் மதுரைக்காரர்களின் மாற்றுத் துணியை வைத்துக்கொண்டு அவர்கள் மருமகள் உட்கார்ந்திருந்தாள். குளித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போவதற்காக, ஆச்சியின் பேத்திக்கு ஒரு பட்டுப்பாவாடை. அரக்கு நிறம், ஒரு சாண் சரிகை. அதை உருவினேன். என் மகளை அங்கேயே துவட்டி, பட்டுப்பாவாடையையும் அதன் சட்டையையும் மாட்டி, ஈர யூனிபார்மைப் பிழிந்து கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

"ஏத்தா! ஏத்தா! அது எம்பேத்தி பாவாடை!"

"இது எம்பிள்ள படிப்பு!" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டு நடையில் கிடந்த சிலேட்டுப் பையை ஓடுகிற ஓட்டத்தில் எடுத்தேன். பள்ளிக்கூட வாசலுக்குப் போகிறேன், பியூன் மணி அடிக்கிற கட்டையைக் கையில் எடுக்கிறான். அவனைப் பார்த்து நான் ஒரு சத்தம் போட்டேன். பாவம், அடிக்க ஓங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். நாங்கள் படியைத் தாண்டிய பிறகுதான் அடித்தான்.

அப்பாடா என்று நினைத்தால், டீச்சர் பிள்ளையை மேலும் கீழும் பார்க்கிறார். "என்னம்மா, வீட்டுல கல்யாணமா? யூனிபார்ம் இல்லாம உள்ள விடக் கூடாதுன்னு தெரியும்லா?"

அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த டீச்சர் மேல் இறங்கியது.

"இந்தா இருக்கு உங்க யூனிபார்ம்!" ஈரத் துணியை அவர் முன்னால் உதறினேன். தண்ணீர் அவர் முகத்தில் தெறித்தது. "நேரத்துக்கு வரணும்னிய. வந்தாச்சு. நனையாமலும் வரணும்னா பள்ளிக்கூடத்தை மழை இல்லாத சாத்தூர்ல கொண்டு போயி வையுங்க. இதைத்தான் போடணும்னா இந்தாங்க, நீங்களே உங்க கையால போட்டு விடுங்க. நான் நின்னு பாக்கேன்."

டீச்சர் முகத்தைத் துடைத்தார். வயது என்ன, என் வயதுதான் இருக்கும். அவர் சேலையும் முழங்கால் வரைக்கும் நனைந்துதான் இருந்தது. ஹெட்மாஸ்டர் அறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த துணியை வாங்கி, வகுப்பு ஜன்னல் கம்பியில் விரித்துப் போட்டார்.

"காயட்டும். காஞ்சதும் மாத்தி விடுதேன். அதுவரைக்கும் பின்னால உக்காரட்டும். நீங்க போங்க, கத்தாதிய."

என் மகள் பட்டுப்பாவாடையை விரித்துக்கொண்டு மகாராணி மாதிரி போய் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்துக் கையாட்டக்கூட இல்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். முன்கட்டில் ஒரு பஞ்சாயத்தே கூடியிருந்தது. இட்லிச் சட்டி கவிழ்த்தபடி இருக்கிறது. மதுரைக்காரர்கள் அத்தனை பேரும் ஈரத் தலையோடு, பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பேத்திப் பிள்ளை துண்டைக் கட்டிக்கொண்டு சாமி கும்பிட்டதாம். மாமியார் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வந்துட்டா பாருங்க களவாணி! குடியிருக்க வந்தவுக துணிய உருவுதியே, வெக்கமா இல்லையா? ஏலே, உன் பொண்டாட்டியக் கேளுலே!"

வீட்டுக்காரரை டீக்கடையிலிருந்து கூப்பிட்டு வந்திருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார். "ரெண்டு பேரும்..."

"பாத்துச் செய்யுதேன்" என்றேன். "இப்பப் பாருங்க."

அடுப்படி வாசலில் குறுக்கே உட்கார்ந்தேன். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நாளையிலேர்ந்து எம்பிள்ள சாப்பிட்டு, அந்த நடையத் தாண்டி, நான் பள்ளிக்கூடத்துல விட்டுட்டுத் திரும்பி வந்த பிறகுதான் முன்கட்டுக்கு இட்லி. அதுக்கு முன்னால ஒரு இட்லி கெடையாது. பிடிக்கலன்னா அத்தை ஊத்தட்டும்."

மாமியாருக்கு ஆட்டுக்கல் பக்கம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. மாவுக் கரண்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே மறந்திருப்பார். வெற்றிலை உரலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டார். மதுரைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "லாட்ஜுக்குப் போயிரலாம்" என்று தொடங்கினார். "இப்பயேவா? சாப்பிட்டுட்டுப் போவம்" என்றார் ஆச்சி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தேன்.

சாயந்தரம் பட்டுப்பாவாடையைத் திருப்பிக் கொடுத்தேன். சரிகையில் சேறு. "சேறு அப்பியிருக்கேத்தா!" என்றார் ஆச்சி. "எம்பிள்ள சட்டையில எண்ணெய் அப்பியிருக்கே ஆச்சி" என்றேன்.

மறுநாள் காலை நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். அவர்கள் வழக்கம்போல அருவிக்குப் போய்விட்டுப் பசியோடு வந்துவிட்டார்கள். பஸ் இன்னும் வரவில்லை. என் மகள் இட்லியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறக்குமுன் ஆச்சி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ஏத்தா தங்கம், முழுங்குத்தா. நீ போனாத்தான் எங்களுக்கு இட்லி."

"அட்டை போகுது" என்றாள் மகள்.

"அட்டை எங்கயும் போகாதுத்தா, சாயந்தரம் வந்து பாக்கலாம். பெரியவரே, அந்த அட்டையத் தூக்கி வெளிய போடுங்க!"

பெரியவர் ஒரு குச்சியால் அட்டையை எடுத்துக் கொண்டு போனார். மருமகள் சீப்பை எடுத்துச் சடை போட ஆரம்பித்தாள். இன்னொருவர் குடையோடு தெரு முனைக்குப் போய், பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, "வருது, வருது!" என்று அங்கிருந்து கத்தினார். ஒரு இட்லியை முழுங்குவதற்கு வீடு நிறைய ஆட்கள் அவள் வாயையே பார்க்கிறார்கள். அவள் இன்னும் மெதுவாகத் தின்றாள், கழுதை. ஆனாலும் பஸ் ஹாரன் அடிக்குமுன் நாங்கள் தெருவில் இருந்தோம். பின்னாலிருந்து ஆச்சியின் குரல்: "வேகமாப் போயிட்டு வேகமா வாத்தா! வயிறு காந்துது!"

அவர்கள் இருந்தவரைக்கும் என் மகள் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. மாமியார் அந்தச் சீசன் முழுக்க என்னோடு பேசவில்லை. சொல்லப் போனால் அதுவும் எனக்கு ஒரு சௌகரியமாகத்தான் இருந்தது.

பிறகு அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார்கள். மறுநாள் காலை முன்கட்டு வெறிச்சென்று கிடந்தது. சடை பின்ன ஆளில்லை, பஸ் பார்க்க ஆளில்லை, அட்டை எடுக்க ஆளில்லை. நான் மட்டும் ஒரு கையில் இட்லியும் ஒரு கையில் சீப்புமாக நிற்கிறேன். இவள் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். ஹாரன் அடித்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாரலில் ஓடினேன். மூச்சு வாங்கியது. இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனால் இந்த மதுரைக்காரர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு அவர்கள் மேல் வந்தது பாருங்கள் ஒரு கோபம்! அந்தக் கோபத்திலேயே ஓடினேன். பெல் அடிக்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டோம்.